இரும்புலியூரில் ஓர் அலுவலகம் கட்டுவோமா?

தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்கு இரும்புலியூர் தெரிந்திருக்கும். மதுரவாயலுக்குப் போகும் புறவழிச்சாலை பிரிகிற இடம் அது. ஏரி, ரயில் பாதை, ஓயாத லாரிகள் எல்லாம் உண்டு. அங்கேயோ, அதை ஒட்டிய பகுதிகளிலோ மாலை 4 மணிக்குப் பேருந்துக்குக் காத்திருக்கும் வாய்ப்புக் கிடைத்தால், சாலையின் கிழக்கோரத்தில் கண்ணாடி முகப்போடு நிற்கும் ஏதாவது ஒரு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பாருங்கள். ஒரு வேடிக்கை தெரியும். சுவர் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் திரைச்சீலை. திரைச்சீலைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது!

பட்டப்பகலில், வெளிச்சத்துக்கென்று வைத்த கண்ணாடியைத் திரை போட்டு மூடிவிட்டு, உள்ளே எதற்கு விளக்கு? சூரியன் தாங்க முடியாத அளவுக்கு உள்ளே வந்துவிட்டது என்பதுதான் விடை. வெளிச்சம் வேண்டும் என்று அழைத்தோம். அதோடு வெப்பமும் கூடவே வந்துவிட்டது. இப்போது மூன்று செலவுகள்: வெப்பத்தை விரட்டக் குளிர்சாதனம், கூசும் ஒளியை மறைக்கத் திரை, இருட்டைப் போக்க விளக்கு.

நண்பர்களே, இன்று நாம் காகிதத்தில் ஓர் அலுவலகம் கட்டிப் பார்ப்போம். மின்சாரத்தைக் குடிக்காத அலுவலகமாக அது இருக்க வேண்டும். பலர் கூடி வேலை செய்ய ஏற்றதாகவும், வேலை மாறினால் தானும் மாறிக்கொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும். மனை இரும்புலியூரில்தான்.

முதலில் சூரியனைத் தெரிந்துகொள்வோம். தாம்பரம் பகுதி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டில் இரண்டு நாட்கள், ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 வாக்கில், நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. டிசம்பர் 21 அன்று நடுப்பகலில் சூரியன் தெற்கு வானில் ஏறத்தாழ 54 டிகிரி உயரத்தில் இருக்கும். ஆண்டு முழுவதிலும் நம் ஊர் நடுப்பகல் சூரியன் இதற்குக் கீழே இறங்குவதே இல்லை.

இதனால் தெற்குச் சன்னலுக்கு ஒரு நன்மை உண்டு. 4 அடி உயரச் சன்னலுக்கு மேலே 3 அடி நீளத்துக்குச் சன்ஷேடு நீட்டினால், டிசம்பர் நடுப்பகல் வெயில்கூட உள்ளே வராது. திரிகோண கணிதம் படித்தவர்கள் 54 டிகிரியின் டேன்ஜென்டை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வடக்குச் சன்னலுக்கு இன்னும் சிறிய ஷேடு போதும்.

மேற்குச் சன்னலின் கதை வேறு. மார்ச்சு மாதம் மாலை 5 மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து 18 டிகிரி உயரத்தில் நேராக முகத்தில் அடிக்கும். அதே 4 அடிச் சன்னலுக்கு நிழல் தர எவ்வளவு நீளமான ஷேடு வேண்டும் தெரியுமா? 12 அடி! யாரும் கட்ட மாட்டார்கள். ஆகவே மேற்கில் சன்னலே வைக்காமல் இருப்பதுதான் சிக்கனம்.

ஆனால் நம் சாலை என்ன செய்கிறது? ஜி.எஸ்.டி. சாலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. அதன் ஓரத்து மனைகளில் ஒரு பக்கத்தவை ஏறத்தாழ மேற்கையும், எதிர்ப்பக்கத்தவை கிழக்கையும் பார்க்கின்றன. கட்டடத்தின் அழகான முகம் சாலையைப் பார்க்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், கண்ணாடி போய் உட்காருவது சரியாகத் தவறான திசையில்.

அதன் விலையைக் கணக்குப் பார்ப்போம். 100 சதுர மீட்டர் மேற்குக் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். கோடைப் பிற்பகலில் ஒரு சதுர மீட்டர் மேற்குச் சுவரில் 500 வாட்டுக்குக் குறையாமல் வெயில் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். மொத்தம் 40,000 வாட். சும்மா உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறது. அப்படியானால், கண்ணாடி வழியே வரும் வெப்பம், அந்த அறையில் 400 பேர் கூடுதலாக வந்து உட்கார்ந்ததற்குச் சமம்!

குளிர்சாதனத்தை ஒரு டன், ஒன்றரை டன் என்று சொல்கிறார்களே, அது எடையல்ல. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம்தான் ஒரு டன். நம் கணக்கில் அது 3,500 வாட். எந்திரங்கள் வருவதற்கு முன் பனிக்கட்டியால் குளிர வைத்த காலத்தின் ஞாபகம் அந்தப் பெயர். மேற்குக் கண்ணாடியை மட்டும் சமாளிக்க நமக்குப் பதினொரு டன்னுக்கு மேல் வேண்டும்.

கண்ணாடிக்குப் பதிலாக, படிக்கட்டு, லிப்ட், கழிப்பறை, பழைய கோப்புகள் வைக்கும் அறை ஆகியவற்றை மேற்குக் கோடியில் வரிசையாக வைத்துவிட்டால்? யாரும் நாள் முழுதும் உட்காராத அறைகள் அவை. வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். எந்திரமும் இல்லை, செலவும் இல்லை. வரைபடத்தில் ஒரு பென்சில் கோட்டை இடம் மாற்றுவதுதான்.

எது சுகம்?

எவ்வளவு குளிர வைக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது உள்ளே சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குளிருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் என்ற விஞ்ஞானி, கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் மனிதர்களை உட்கார வைத்து, எந்த வெப்பநிலையில் அவர்கள் சுகமாக உணர்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 1970-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய சமன்பாடு உலகெங்கும் பரவிற்று. அருமையான வேலைதான். ஆனால் அந்த அறைகளில் உட்கார்ந்தவர்கள் குளிர்நாட்டு மாணவர்கள். இரும்புலியூரில் பிறந்து, மின்விசிறிக் காற்றில் வளர்ந்து, பருத்தி உடை உடுத்தியவருக்கும் அதே கணக்குப் பொருந்துமா?

அகமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதை நேரிலேயே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். ஐந்து வகைத் தட்பவெப்பங்களுக்கு ஐந்து ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: அகமதாபாத், பெங்களூர், சென்னை, டெல்லி, சிம்லா. வெப்பமும் ஈரமும் சேர்ந்த வகைக்கு நம் சென்னை. 16 அலுவலகக் கட்டடங்களில் 6,000-க்கு மேற்பட்ட பதில்களைத் திரட்டி, 2014-ல் இந்தியருக்கென ஒரு சுகக் கணக்கை வெளியிட்டார்கள். பழைய சமன்பாடு சொல்வதைவிடக் கூடுதலான வெப்பத்திலும் நம்மவர்கள் சுகமாகவே இருக்கிறார்கள் என்று தெரிந்தது. வெளியே வெப்பம் கூடக் கூட, உள்ளே ஏற்றுக்கொள்ளும் வெப்பமும் கூடுகிறது. உடலும் மனமும் உடையும் பழகிவிடுகின்றன. 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதிகளிலும் இந்தக் கணக்கு இடம்பெற்றது.

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் குளிர்சாதன மின்சாரத்தில் ஏறத்தாழ 6 சதவிகிதம் மிச்சம் என்று மைய அரசின் ஆற்றல் சிக்கன அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 2020 முதல் நம் நாட்டில் விற்கப்படும் அறைக் குளிர்சாதனங்கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி செய்ததும் அதனால்தான். நம் அலுவலகத்தில் 26-ல் வைத்து, மேலே மின்விசிறியையும் ஓட விடுவோம். புதுவகை மின்விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது; பழையது 75 வாட். காற்று அசைந்தால் வியர்வை ஆறும். 26 டிகிரி 24 போலத் தோன்றும்.

ஒரு கட்டடம், இரண்டு பாதி

குளிர வைக்கக் காற்றைத்தான் ஊத வேண்டுமா? சித்திரை மாதத்து இரவு 8 மணிக்கு உங்கள் வீட்டு மேற்குச் சுவரின் அருகே, தொடாமல், கன்னத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெப்பம் உறைக்கும். காற்றின் வழியாக வந்த வெப்பமல்ல அது. சுவரிலிருந்து நேரே வரும் கதிர்வீச்சு. இதையே திருப்பிப் போடுங்கள். தலைக்கு மேலே கூரைத்தளம் குளிர்ந்திருந்தால், நம் உடம்பு தன் வெப்பத்தை அதற்குக் கதிர்வீசிவிட்டுக் குளிர்ந்துகொள்ளும். கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட விட்டால் போதும். ஒரு கன மீட்டர் நீர், அதே கன அளவுக் காற்றைப்போல 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். பெரிய விசிறிகள் செய்யும் வேலையைச் சிறிய பம்பு செய்துவிடும்.

இது உண்மையில் மிச்சம்தானா? ஐதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011-ல் திறந்த ஓர் அலுவலகத்தில் இதை அழகாகச் சோதித்தார்கள். கட்டடம் இரண்டு சமபாதிகள். ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரிச் சன்னல், ஒரே மாதிரி விளக்கு. ஒரு பாதியில் காற்றை ஊதிக் குளிர வைக்கும் நல்ல தரமான குளிர்சாதனம். மறு பாதியில் கூரைத்தளத்தில் குளிர்நீர். இரண்டுக்கும் தனித்தனி மின்மானி. அறிவியல் வகுப்பில் 'ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை மாற்றாதே' என்று சொல்வார்களே, அதை ஒரு முழுக் கட்டடத்தில் செய்தார்கள்! இரண்டு ஆண்டுகள் அளந்ததில், குளிர்நீர்ப் பாதி 34 சதவிகிதம் குறைவான மின்சாரத்தில் தன் வேலையை முடித்தது. கட்டிய செலவும் சற்றுக் குறைவாகவே வந்தது.

உடனே இரும்புலியூரிலும் குழாய் பதிக்கக் கிளம்பிவிடாதீர்கள். பெட்டிக்கடையில் குளிர்ந்த பன்னீர் சோடா வாங்கினால் பாட்டிலின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் படிந்து நீராகிறது. எந்த வெப்பநிலையில் படியத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்பார்கள். நம் பகுதியில் கோடைக்காலத்தில் பனிநிலை 25 டிகிரியைத் தொடும். நம் கூரைத்தளமோ 20 டிகிரியில் இருக்கும். அப்புறம் என்ன? மேசை மேல் மழைதான்!

ஆகவே வெளிக்காற்றை முதலில் ஒரு தனி எந்திரத்தில் உலர்த்தி, தேவையான அளவுக்கு மட்டும் உள்ளே விட வேண்டும். குளிர்நீர் ஓடும் வரை சன்னல்களைத் திறக்கக் கூடாது. திறந்தால் கடல்காற்று தன் ஈரத்தோடு வந்துவிடும். திறந்த சன்னலும் குளிர்ந்த கூரையும் ஒரே நாளில் ஒத்துவராது. மார்கழி, தை மாதங்களில் சன்னலைத் திறந்துவிட்டு எந்திரங்களை நிறுத்துவோம். கத்திரியில் மூடிவிட்டுக் குளிர்நீரை ஓட விடுவோம். அகமதாபாத்தின் டாரன்ட் ஆய்வு மையத்தில் கோடையில் கோபுரங்களின் வழியே நீர்த்துளிகளைத் தூவிக் காற்றைக் குளிர வைக்கிறார்கள். மண்பானைத் தத்துவம். உலர்ந்த ஊரில் அது அற்புதமாக வேலை செய்யும். நம் ஈரக் காற்றில் பானை பாவம், என்ன செய்யும்?

மனிதர்கள் எங்கே சந்திப்பார்கள்?

சூரியனைச் சமாளித்துவிட்டோம். இனி உள்ளே வரப்போகும் மனிதர்கள்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் '20-ஆம் எண் கட்டடம்' என்று ஒன்று இருந்தது. 1943-ல், போர்க்காலத்தில், ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரம் அவசரமாக மரத்தால் கட்டியது. போர் முடிந்ததும் இடித்துவிடுவதாகத் திட்டம். இடித்ததோ 1998-ல்! கோடையில் வேகும், குளிர்காலத்தில் நடுங்கும். ஆனாலும் ஆராய்ச்சியாளர்கள் அதை விட்டுப் போக மறுத்தார்கள். தற்காலிகக் கட்டடம்தானே என்று வேண்டிய இடத்தில் சுவரில் துளை போட்டுக் கம்பி இழுத்துக்கொள்வார்கள். அணுக் கடிகாரம் செய்ய முனைந்த ஒருவர், உயரம் போதவில்லை என்று மாடித் தரையையே பெயர்த்துவிட்டாராம். மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியும், வங்காளத் தந்தைக்குப் பிறந்த ஒலிப் பொறியாளர் அமர் போஸும் வேலை செய்த இடம் அது. சுவரை நகர்த்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராததால், பக்கத்து அறைக்காரரோடு பேச்சும் எளிதாயிற்று.

அதே எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1977-ல் வெளியிட்ட நூலில் ஒரு வரைகோட்டைத் தந்தார். இருவருடைய மேசைகளுக்கு இடையே தூரம் கூடக் கூட, அவர்கள் வேலை பற்றிப் பேசிக்கொள்வது சடசடவென்று குறைகிறது. 50 மீட்டருக்கு மேல் போனால் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஏறத்தாழ அந்நியர்தான்.

அப்படியானால் சுவர்களையெல்லாம் எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துவிடலாமா? பல நிறுவனங்கள் அப்படித்தான் எண்ணின. ஹார்வர்டைச் சேர்ந்த பெர்ன்ஸ்டைன், டர்பன் என்ற இருவர், தடுப்புகளை எடுத்துவிட்ட இரண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்குச் சிறு கருவிகளை அணிவித்து அளந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 சதவிகிதம் குறைந்துவிட்டது! எல்லோர் கண்ணும் தன் மேல் இருந்தால், மனிதன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தன் திரைக்குள் ஒளிந்துகொள்கிறான். தூரம் குறைய வேண்டும், ஒதுங்கவும் இடம் வேண்டும். நம் பழைய வீடுகளில் உள்ளே அறை, வெளியே திண்ணை என்று இரண்டும் இருந்தனவே! பேச விரும்பினால் திண்ணை, படிக்க விரும்பினால் அறை.

இனி வரைபடத்தை முடிப்போம். சன்னல் வெளிச்சம், சன்னல் உச்சியின் உயரத்தைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் உள்ளே வரும். 3 மீட்டர் உயரத்துக்கு 7 மீட்டர் சொச்சம். தெற்கிலும் வடக்கிலும் சன்னல் வைத்தால், 15 மீட்டர் அகலமுள்ள கூடத்தில் நடுவில் இருப்பவருக்கும் பகலில் விளக்கு வேண்டாம். நீளம்? ஆலன் சொன்ன 50 மீட்டர். ஒரு தளம் 750 சதுர மீட்டர். ஆளுக்குப் பத்து சதுர மீட்டர் என்றால் 75 மேசைகள். வெளிச்சத்தின் கணக்கும் நட்பின் கணக்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். சாலைக்குக் குறுகிய பக்கம்தான் தெரியும். விளம்பரப் பலகை வைக்க அதுவே போதும். தெற்கில் 2 மீட்டர் அகலத் தாழ்வாரம் விட்டு அதில் ஒரு நீளத் திண்ணை. அதுவே சன்ஷேடு, அதுவே பேச்சு மேடை. தாழ்வாரம் வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்கும்தான். அதன் தரைக்கு வெள்ளை ஓடு பதித்தால் ஒளி எதிரொளித்து உள்ளே போகும்.

உட்சுவர்கள் எல்லாம் நகர்த்தும் பலகைத் தடுப்புகள். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நான் போயிருந்த ஓர் அலுவலகத்தில் பெரிய கூடத்தைத் தடுத்து இரண்டாக்கியிருந்தார்கள். குளிர்காற்று வரும் வாய் ஒரு பாதியில். வெப்பத்தை அளந்து எந்திரத்துக்குச் சொல்லும் கருவி மறு பாதியில், அதுவும் நகலெடுக்கும் எந்திரத்துக்கு மேலே! அது 'சூடு, சூடு' என்று அலற, அடுத்த அறையில் இருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினார்கள். எனவே 4 மீட்டருக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி விளக்கு, தனி விசிறி, தனிக் கட்டுப்பாடு. தடுப்பு எங்கே வந்தாலும் கட்டத்தின் கோட்டில்தான் வர வேண்டும்.

மொட்டைமாடியில் சூரிய மின்பலகைகள். 750 சதுர மீட்டரில் ஏறத்தாழ 75 கிலோவாட் அமைக்கலாம். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் வீதம் ஆண்டுக்கு 1,09,500 யூனிட் கிடைக்கும். நான்கு மாடி என்றால் மொத்தப் பரப்பு 3,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 80 யூனிட் என்று சிக்கனமாகச் செலவழித்தாலும் 2,40,000 வேண்டும். பாதிகூட வரவில்லை! இரண்டு மாடி என்றால் ஏறத்தாழ வந்துவிடும். உயரம் கூடக் கூடத் தளங்கள் பெருகுகின்றன, கூரை ஒன்றுதான். டெல்லியில் 2014-ல் திறந்த இந்திரா பர்யாவரண் பவன், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் நோக்கத்தோடு கட்டப்பட்டது. அங்கே 930 கிலோவாட் பலகைகளுக்குக் கூரை போதாமல், குடைபோல வெளியே நீட்டிப் பரப்பியிருக்கிறார்கள்.

தரைத்தளம் பற்றி ஒரு சொல். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, இரும்புலியூருக்குப் பக்கத்து முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆகவே தூண்களை மட்டும் நிறுத்தித் தரைத்தளத்தைத் திறந்தே விடுவோம். மின்பலகை, பம்பு, ஜெனரேட்டர் மூன்றும் முதல் மாடியில். நிலத்தடி அறை கட்டி அதில் ஜெனரேட்டரை வைப்பவர்களுக்கு, அது தேவைப்படும் அன்றுதான் அது தண்ணீருக்குள் இருக்கும்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரே அளவான இரண்டு காலணி அட்டைப்பெட்டிகளில், நீளமான பக்கத்தில் ஒரே அளவு சன்னல் வெட்டி, ஒளி புகும் பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். இரண்டையும் மொட்டைமாடியில் ஒன்று தெற்குப் பார்க்க, ஒன்று மேற்குப் பார்க்க வைத்து, இரண்டிலும் சன்னலுக்கு மேலே அட்டையால் ஒரே நீளச் சன்ஷேடு ஒட்டுங்கள். உள்ளே ஒவ்வொரு வெப்பமானி. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கொரு முறை குறித்து வரைபடத்தாளில் கோடு போடுங்கள். இரண்டு கோடுகளும் எத்தனை மணிக்குப் பிரிகின்றன என்று பாருங்கள். பிறகு மேற்குப் பெட்டியின் ஷேடை எவ்வளவு நீட்டினால் அவை மீண்டும் சேர்கின்றன என்று அளந்து, நாம் போட்ட 12 அடிக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.